பின்னாலிருந்து எண்ணுகிற கார்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். முட்டிவலி, சர்க்கரை, வாயைத் திறக்கவே விடாமல் மாத்திரை எழுதித் தள்ளும் டாக்டர், போனை எடுக்காத மருமகள். பேசுங்கள், நானும் கூடத்தான் பேசுகிறேன். ஆனால் போன வாரம் முழுக்க கடற்கரை நடைக்கு நான் ஏன் வரவில்லை என்று கேட்டீர்களே, அதற்கு முட்டிவலி காரணமில்லை. நான் காருக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றிருந்தேன்.

என் கார் உங்களுக்குத் தெரியும். லாஸ்பேட்டையில் எங்கள் தெருவில் நிற்கிற கார்களிலேயே கிழடு அதுதான். ரேடியேட்டர் பக்கம் தண்ணீர் சொட்டுகிறது என்று சர்வீசுக்குக் கொண்டுபோனால், அங்கிருந்த பையன் காரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னான். "மேடம், இதுக்கு இனிமே செலவு பண்றது வேஸ்ட். எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்குங்க." வேஸ்ட் என்று அவன் சொன்னது காரை மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வந்த கோபத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். விரிசல் விட்டுப்போன ஒரு ரப்பர் குழாய், அவ்வளவுதான் வியாதி. புதுக் குழாய் வாங்கி மாட்டி, இரண்டு முனையிலும் கிளாம்பை முறுக்கினேன். வெளிநாட்டில் இருக்கும் மகன் வீடியோவில் என் கையைப் பார்த்து அலறினான். "ஏம்மா இந்த வயசுல இதெல்லாம்?" இந்த வயசில்தான்டா நேரம் இருக்கிறது என்றேன்.

என்ஜினை ஓடவிட்டு, அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவைத்து, பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு சொட்டு விழவில்லை. காய்ந்த காகிதத்தைப் பார்த்து ஒரு மனுஷிக்கு அவ்வளவு சந்தோஷம் வருமா என்றால், வரும். அந்தச் சந்தோஷத்துக்கு நான் புதியவள் இல்லை. சின்ன வயதில், ஆனி மாதம் தொடங்கி ஆடி பிறப்பதற்குள், அதை முதலில் எங்கள் வீட்டு வாசலில் பார்த்தேன்.

அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். நம் ஊர் வழக்கில் 'சொல்தா'. எங்கோ ஒரு காட்டில் குண்டு பாய்ந்து இடது கால் முட்டி மடங்காமல் போனது. பட்டாளம் கொடுத்த மெடல்களை ஒரு தகரப் பெட்டியில் வெல்வெட்டுத் துணி போட்டு வைத்திருந்தார். நாங்கள் இருந்த தெருவில் கடைசியாகக் கப்பலேறிய பிரெஞ்சுக் குடும்பம் தங்கள் சின்னக் காரை விற்றுவிட்டுப் போக நினைத்தபோது, அப்பா அதை வாங்கிவிட்டார். கிளட்ச் மிதிக்கிற கால் மடங்காதவர் கார் வாங்கினார் என்று ஊரே சிரித்தது. மாமா ஓட்டுவார் என்று நம்பித்தான் வாங்கினார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன், கோர்ட்டில் குமாஸ்தா, கருவடிக்குப்பத்தில் வீடு. "ஞாயித்துக்கெழம வந்து எடுக்கறேன் மாப்ள" என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை எந்தக் காலண்டரிலும் இல்லை.

அந்தக் காரின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. பெட்ரோல், பழைய தோல், யாரோ பிடித்த சுருட்டு, மழை பெய்தால் நனைந்த கம்பளி. முன்விளக்கு இரண்டும் மஞ்சளாக எரியும், காமாலைக் கண் மாதிரி. டாஷ்போர்டுப் பெட்டிக்குள் அந்த வீட்டுக் குழந்தை மறந்துவிட்டுப்போன ஒரு குட்டி மிட்டாய் டப்பா இருந்தது, உள்ளே மிட்டாய் இல்லை, மணம் மட்டும். தினமும் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடிவைப்பேன். எந்த வீடு மாற்றியபோது தொலைத்தேனோ, இப்போதும் பழைய சாமான் கடையில் தகர டப்பாவைக் கண்டால் கை போய்விடுகிறது.

மாமா வராத ஞாயிறுகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் அம்மா ஒருநாள் சொன்னாள். "எனக்குச் சொல்லிக் குடுங்க. நான் ஓட்டறேன்."

"நீயா?"

"தையல் மெஷினக் காலால மெறிக்கிறவதானே? இதுவும் கால் வேலதான்."

அம்மா தெருவுக்கெல்லாம் ரவிக்கை தைப்பவள். லாஸ்பேட்டை விமானத் தளத்துப் பக்கம் அப்போது செம்மண்ணும் பனைமரமும்தான். இன்றைக்கு ஸ்கூட்டர்கள் என்னை ஹாரன் அடித்து விரட்டுகிற அதே இடத்தில், அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கார் பழகினாள். பக்கத்தில் உட்கார்ந்து அப்பா "துஸ்மா! துஸ்மா!" என்று கத்துவார். மெதுவாக என்பதற்குப் பிரெஞ்சு. அவர் கத்தக் கத்த அம்மாவுக்கு வேகம் கூடும். பின்சீட்டில் நான் உருண்டு சிரிப்பேன். ஒரு மாதத்துக்குள் அப்பாவை ஏற்றிக்கொண்டு அம்மா பீச் ரோட்டுக்குப் போகிற அளவுக்கு வந்துவிட்டாள். வருஷக்கணக்காக வீட்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்த மனிதர், சாயங்காலமானால் சட்டைக்கு இஸ்திரி கேட்க ஆரம்பித்தார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "சொல்தா பொஞ்சாதி தொர மாதிரி கார் ஓட்டிக்கினு போவுது" என்றார்கள். மாமாவுக்கு அதுதான் தாங்கவில்லை. தான் வராததால்தான் தங்கை ஓட்டுகிறாள் என்பது மட்டும் அவருக்கு மறந்துபோயிருந்தது.

ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம் திடீரென்று மழை கொட்டியது. கடற்கரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பெரிய வாய்க்கால் பக்கம் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். பாதி தூரம் போன கார் இருமியது, தும்மியது, நின்றது. கூட்டம் கூடிவிட்டது. தண்ணீரில் இறங்கித் தள்ளியவர்கள் தள்ளினார்கள், தள்ளாதவர்கள் பேசினார்கள். "பொம்பள ஓட்டுனா வண்டி வூடு வந்து சேருமா?" என்று ஒரு குரல் கேட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அம்மா நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்பா முன்சீட்டில் இறங்க முடியாமல் நனைந்துகொண்டிருந்தார், ஜன்னலை ஏற்றக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

இன்றைக்கு எனக்குத் தெரியும். அந்தக் காரை ஒருநாள் வெயிலில் சும்மா விட்டிருந்தால் போதும். நனைந்த ஒயர்கள் தானாகக் காய்ந்து, தானாக ஓடியிருக்கும். சும்மா விடுவார்களா நம் ஆட்கள்? மறுநாள் காலையிலேயே மாமா ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஊரிலேயே கைராசிக்காரர் என்றார்.

ஆள் நன்றாக மீசை வைத்திருந்தார். பானட்டைத் திறந்ததும் "பிரெஞ்சு வண்டியா?" என்று உதட்டைப் பிதுக்கினார். நட்டுக் கழற்ற அவர் கொண்டுவந்த பானா எதுவும் அதில் சரியாக உட்காரவில்லை. வழுக்கி வழுக்கி நட்டின் மூலைகளை மழுக்கினார். டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒரு கறுப்பு மூடி இருக்கும். நாலு பிளக்குக்கும் நெருப்பைப் பங்கு வைத்துக் கொடுப்பது அதுதான். அதன் தலையிலிருந்து போகிற நாலு ஒயரையும் பிடுங்கி, துடைத்து, ஊதி, அடுப்பங்கரையில் காயவைத்து, திரும்ப மாட்டினார். காரின் முன்னால் ஹேண்டிலைப் போட்டு என்ஜினைச் சுற்றினார். கார் ஓடவில்லை. மாறாக, மேலே காற்று உறிஞ்சுகிற கார்புரேட்டர் வாயிலிருந்து 'படார்' என்று ஒரு தீ வெளியே வந்து, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மீசையில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு போனது.

நான் சிரித்துவிட்டேன். மாமா தலையில் குட்டினார்.

கருகிய மீசையைத் தடவிக்கொண்டே மெக்கானிக் டீ குடித்தார். குடித்துக்கொண்டே அம்மாவுக்குப் பாடம் எடுத்தார். "என்ஜினுக்கு நாலே வேலதான்மா. உறிஞ்சும், அமுக்கும், வெடிக்கும், ஊதும். அமுக்கறப்ப எல்லா வாசலும் மூடியிருக்கணும், அந்த நேரத்துல நெருப்பு விழணும். இப்ப உள்ள வால்வே எரிஞ்சிபோச்சி, வாசல் மூட மாட்டேங்குது. கிளட்ச்சுல கால வெச்சிக்கினே ரேஸ் பண்ணா வேற என்னா ஆவும்? சொன்னா உங்களுக்கு எங்க புரியப் போவுது."

"சாமான் மாத்த முடியாதா?" என்றாள் அம்மா.

"இதோட சாமானெல்லாம் அவங்களோடயே கப்பல் ஏறிடுச்சிம்மா."

மாமாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். "நான் அன்னைக்கே சொன்னேன் மாப்ள. பொம்பளைக்கு ஏன் கார்னு. கேட்டீங்களா?" அப்பாவிடம் கையை நீட்டிச் சாவியை வாங்கித் தன் கொத்தில் கோத்துக்கொண்டார். பெரிய மார்க்கெட் பக்கம் பழைய இரும்புக் கடை வைத்திருந்த பாயிடம் எடைக்குப் போடப் பேசுவதாகச் சொன்னார். வருகிற ஞாயிறு கருவடிக்குப்பத்து வீட்டில் பேச்சை முடித்து, மாட்டுவண்டி கொண்டுவந்து கட்டி இழுத்துக்கொண்டு போவது என்று ஏற்பாடு. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அம்மாவை அடித்துப்போட்டது. ஊர் சொன்னதை அவள் துடைத்துப்போட்டுவிடுவாள். வீட்டுக்காரரும் நம்பிவிட்டார் என்றால்?

இன்னொன்றும் இருந்தது. ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளன்று, நம் கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்தில் பழைய சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு கூடுவார்களே, உங்களுக்குத் தெரியும். அதற்கு முந்தின வருஷம் அப்பா ரிக்‌ஷாவில் போனார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பிள்ளையைத் தூக்கி இறக்குகிற மாதிரி எல்லார் முன்னாலும் இறக்கினார்கள். இனி சாகிறவரைக்கும் அங்கே போகமாட்டேன் என்றார். கார் வந்த பிறகுதான் அந்தச் சபதத்தை விட்டுவிட்டு மெடலுக்குப் பாலிஷ் போட ஆரம்பித்திருந்தார். இப்போது பெட்டியை மூடி அலமாரி மேலே போட்டுவிட்டார்.

அம்மா தைப்பதை நிறுத்தினாள். "என்னாலதான் போச்சி" என்று சாதம் பரிமாறும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அம்மா இரண்டையும் தன் தலையிலேயே ஏற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையாக வந்தது. மாமாவின் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டேன், வேறென்ன செய்ய முடியும் எனக்கு?

பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு ரவிக்கை அவசரம் என்று கெஞ்சியதால் அம்மா மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள். அன்றைக்கென்று பார்த்து நூல் அறுந்துகொண்டே இருந்தது. ஊசியை மாற்றினாள், எண்ணெய் விட்டாள், நூலை மாற்றினாள், அறுந்தது. கடைசியில் மெஷினைச் சாய்த்து அடிப்பக்கம் பார்த்தாள். ஊசி கீழே வரும் நேரமும் நூலைக் கவ்வுகிற கொக்கி வரும் நேரமும் மயிரிழை தப்பியிருந்தன. ஒரு திருகைத் தளர்த்தி, நேரத்தைச் சேர்த்து, திரும்ப முறுக்கினாள். மெஷின் மழை மாதிரி தைத்தது.

தைத்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று காலை நிறுத்தினாள்.

"ஏ பாப்பா. வால்வு எரிஞ்சி வாசல் மூடலேன்னா புஸ்ஸுன்னுதானே போவணும்? அது படார்னு வெடிச்சிதே. அவரு மீசையே போச்சே."

"ஆமாம்மா."

"அப்ப நெருப்பு நல்லாதான் இருக்குது. வாசல் தொறந்திருக்கிற நேரத்துல விழுது. நேரந்தான் தப்பு." அரைகுறையாகத் தைத்த ரவிக்கையை மெஷின் மேலேயே விட்டுவிட்டு எழுந்தாள். "வண்டி சாவல பாப்பா. வா."

நேராகப் பழைய இரும்புக் கடைக்குப் போனோம். காரை எடைக்கு வாங்கப்போகிற அதே பாயிடம்தான். வெட்கமே இல்லாமல் கேட்டாள். "அண்ணே, அந்தப் பிரெஞ்சு வண்டிக்கு பிளக்கு கழட்ற பானா வேணும். அந்த மெக்கானிக் பானா எதுவும் உக்கார மாட்டேங்குது."

பாய் சிரித்தார். "எப்பிடிம்மா உக்காரும்? மெக்கானிக்குங்கள்து இஞ்ச் பானா. பிரெஞ்சுக்காரன் மில்லிமீட்டர்ல செஞ்சிருக்கான்." குவியலைக் கிளறி, துருப் பிடித்த நாலைந்து பானாக்களை எடுத்து வைத்தார். பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "வண்டி ஓடிடுச்சின்னா எனக்கு யாவாரம் போச்சே தங்கச்சி."

"ஓடலேன்னா பானாவையும் சேத்து எடைக்குப் போட்டுக்குங்க."

"நல்லாருக்கே கத. எடுத்துக்கினு போங்க, போங்க."

சனிக்கிழமை மத்தியானம். அப்பா தூங்கிவிட்டார். அம்மா சேலையைச் செருகிக்கொண்டு பானட்டைத் திறந்தாள். அந்த பானா பிளக்கின் மேல் 'ளக்' என்று உட்கார்ந்த சத்தம் இருக்கிறதே, அப்படி ஒரு பொருத்தமான சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. நாலு பிளக்கையும் கழற்றிவிட்டோம். கறுப்பு மூடியின் மேல் ஒரு இடத்தில் '1' என்று பொறித்திருந்தது. அந்த இடத்துக்கு நேர் கீழே அம்மா தன் தையல் சாக்பீசால் ஒரு கோடு போட்டாள். மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு சின்னக் கை, என்ஜின் சுற்றச் சுற்ற அதுவும் சுற்றியது. அந்தக் கை கோட்டுக்கு வரும்போது ஒன்றாவது சிலிண்டர் அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும். அமுக்குகிறதா என்று எப்படித் தெரியும்?

எங்கள் வீட்டில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் கார்க்குக்குப் பஞ்சமில்லை. அப்பா குடித்துவைத்த ஒயின் பாட்டில்களின் கார்க்குகள் ஒரு ஜாடி நிறைய இருந்தன. அம்மா நாலு கார்க்கை அரிவாள்மணையில் சீவி, பிளக் துவாரங்களில் லேசாகச் செருகினாள். முன்னால் போய் ஹேண்டிலைப் பிடித்து மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தாள். நான் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று, சின்னக் கையையும் கார்க்குகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த மெக்கானிக்கும் அவ்வளவு அக்கறையாக ஒரு என்ஜினைப் பார்த்திருக்கமாட்டான்.

கை கோட்டை நெருங்கியது. முன்னால் ரேடியேட்டர் பக்கம் இருந்த முதல் கார்க்கையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் மெக்கானிக் ஒன்றாம் ஒயரை அதற்குத்தான் மாட்டியிருந்தார். அது அசையவில்லை. 'டப்!' என்று தெறித்து என் காதோரம் பறந்தது கடைசிக் கார்க்கு. முன்கண்ணாடிப் பக்கம் இருந்தது.

"அம்மா! கடைசி கார்க்கும்மா! பின்னாடிது!"

"சரியாப் பாத்தியா? இன்னொரு தடவ."

மறுபடி செருகினோம், மறுபடி சுற்றினாள். மறுபடி 'டப்!' அதே கடைசிக் கார்க்கு. அம்மா ஹேண்டிலை விட்டுவிட்டு வந்து, என்ஜினை முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒருமுறை பார்த்தாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஒண்ணுன்னா முன்னாடிதான் இருக்கணும்னு யாரு சொன்னது? நம்மூரு வண்டிங்க முன்னாடியிருந்து எண்ணும். இது அவங்க ஊரு வண்டி, பின்னாடியிருந்து எண்ணுது. இந்த மனுசன் எல்லாத்தையும் தலைகீழா மாட்டி வெச்சிருக்காரு!"

அதற்குள் ஜன்னலில் அப்பாவின் தலை தெரிந்தது. தூக்கக் கலக்கத்தோடு கேட்டார். "யாரு பாட்டில் தொறக்கறது? மச்சான் வந்திருக்காரா?"

நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பா தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். கறுத்த கையோடு நிற்கிற மனைவியையும், தரையில் கிடந்த கார்க்குகளையும், திறந்துகிடந்த என்ஜினையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். மிச்ச ஒயர்கள் எதெதற்குப் போக வேண்டும் என்பதையும் கார்க்குகளே சொல்லிவிட்டன. அம்மா ஒவ்வொன்றாக மாற்றி மாட்டி, பிளக்கை முறுக்கி முடித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"சாவி மாமாகிட்ட இருக்கேம்மா!"

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. அப்பா உள்ளே போனார். அலமாரி மேலிருந்து தகரப் பெட்டியைத் தடியால் தள்ளி இறக்குகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில் இன்னொரு சாவி இருந்தது.

"மச்சான் கேட்டப்ப ஒண்ணுதான் குடுத்தேன்" என்றார். "இன்னொண்ணு குடுக்க மனசு வரல. நீ ஓட்டாத வண்டி எனக்கு எதுக்குன்னுதான் வாய மூடிக்கினு இருந்தேன்."

அம்மாதான் காரைக் கெடுத்தாள் என்று அவர் நம்பவேயில்லை. பேசத் தெரியாமல் இருந்திருக்கிறார், அவ்வளவுதான். அந்தக் காலத்து ஆம்பிளைகள் பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு எத்தனை பெண்பிள்ளைகளை அழவிட்டிருக்கிறார்கள் என்று இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. அம்மாவுக்கு அப்போது கோபப்பட நேரமில்லை. சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கி, போட்டுத் திருப்பிவிட்டு, முன்னால் ஓடி ஹேண்டிலைப் பிடித்தாள்.

ஒரு சுற்று. இருமல். இன்னொரு சுற்று. அடியில் படுத்திருந்த பூனை தெறித்து ஓட, கார் உறுமிக்கொண்டு பிடித்தது! வாயால் துப்பவில்லை, தீ வரவில்லை. 'டுர்ர்' என்று ஒரே சீராக, மூடிவைத்த பானைக்குள் சோறு கொதிப்பது மாதிரி ஓடியது. அம்மா ஹேண்டிலைக் கையில் பிடித்தபடியே தெருவில் நின்று அழுதாள், சிரித்தாள். நான் மரப்பெட்டி மேல் குதித்து அதை உடைத்தேன். அப்பா கூரையைத் தட்டிக்கொண்டு "துஸ்மா, துஸ்மா" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை, கார் நின்ற இடத்தில்தான் இருந்தது.

மறுநாள் ஞாயிறு. பேச்சு முடிக்க எல்லாரும் கருவடிக்குப்பத்தில் காத்திருப்பார்கள் என்று தெரியும். அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டாள். அப்பா முன்னால், நான் பின்னால். மாமா வீட்டுத் தெருமுனையிலிருந்தே நான் ஹாரன் அடிக்கச் சொன்னேன். அம்மாவும் அடித்தாள், வீடு வரைக்கும் கையை எடுக்கவில்லை.

மாமா பல்பொடி நுரையோடு வாசலில் நின்றார். பக்கத்தில் பாய், மாட்டுவண்டி, கயிறு. விலைக்குச் சாட்சி சொல்ல வந்திருந்த மெக்கானிக் இன்னொரு பக்கம், மீசையை இரண்டு பக்கமும் ஒரே அளவாகக் கத்தரித்திருந்தார். கார் வந்து நின்றது. பாய்தான் முதலில் கயிற்றைச் சுருட்டி மாட்டுவண்டியில் போட்டார்.

"வண்டியப் பாக்க ஆள் வருதுன்னு சொன்னீங்களே அண்ணா" என்றாள் அம்மா. "நீங்க ஏன் அலையணும்னு நானே எடுத்தாந்துட்டேன்."

மெக்கானிக் ஓடிவந்து பானட்டைத் திறந்தார். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒயர்களை விரலால் தொடர்ந்து பார்த்தவர் முகம் சுருங்கியது. "யாரு இத மாத்துனது? எல்லாம் தப்பு. ஒண்ணாம் நம்பரு இங்க முன்னாடி வரணும். இப்பிடி மாட்டுனா வண்டி ஓடவே ஓடாது!"

ஓடிக்கொண்டிருந்த என்ஜின்மேல் குனிந்துகொண்டு சொன்னார், சத்தியமாகச் சொன்னார்.

அம்மா இறங்கக்கூட இல்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "நீங்க சரியா மாட்டுனப்ப ஓடல. தப்பாவே ஓடட்டும் விடுங்க."

பாய் சிரித்த சிரிப்பில் மாடே மிரண்டது. மெக்கானிக்கும் பாவம், சிரித்துவிட்டார், கெட்டவரில்லை. கற்றுக்கொண்ட பக்கத்திலிருந்து எண்ணினார், அவ்வளவே. மாமாதான் நுரையைத் துப்பிவிட்டு வந்து பெரியமனிதத்தனமாகத் தொண்டையைச் செருமினார். "சரி, சரி. வண்டி ரெடியாயிடுச்சில்ல? நல்ல டிரைவரா ஒருத்தனப் பாத்து வெச்சிக்கலாம் மாப்ள."

அப்பா இந்த முறை வாயைத் திறந்தார். "டிரைவர் இருக்கு மச்சான். சாவிய குடுங்க, பின்னாடி ஏறுங்க."

மாமா கொத்திலிருந்து சாவியைக் கழற்றப் பட்ட பாட்டை நான் வாழ்நாள் முழுக்க நினைத்துச் சிரித்திருக்கிறேன். பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஊரைச் சுற்றி வந்தார். அம்மா ஒரு தெருவைக்கூட விடவில்லை. பெரிய வாய்க்கால் பக்கம் மட்டும் இரண்டு முறை போனாள்.

ஜூலை பதினாலு காலையில் அப்பா மெடல் எல்லாவற்றையும் குத்திக்கொண்டார். புறப்படும் நேரத்தில் "ஒரு தடவ பாத்துடறேன்" என்று அம்மா மறுபடி பானட்டைத் திறந்து, பிளக்கைத் துடைத்து, பட்டுச்சேலையோடு கையைக் கறுப்பாக்கிக்கொண்டாள். கடற்கரையில் நினைவுச் சின்னத்துக்கு எதிரே காரை அவள் நிறுத்திய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்பா கதவைத் திறந்து, தடியை ஊன்றி, யார் கையையும் பிடிக்காமல் தானாக இறங்கினார். பழைய தோழர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விருந்தாளியாக வந்திருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவர், வெள்ளைக் கையுறை போட்டவர், அப்பாவுக்குச் சல்யூட் வைத்துவிட்டு, ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து இறங்கிய அம்மாவைப் பார்த்து யாரென்று கேட்டார்.

'மா ஃபாம்' என்று சொல்லியிருக்கலாம். என் மனைவி என்று அர்த்தம். எப்போதும் அப்படித்தான் சொல்வார். அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பக்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "மொன் மெகானிசியேன்" என்றார். என் மெக்கானிக்.

அதிகாரி கையை நீட்டினார். அம்மா தன் விரல்களைப் பார்த்தாள், நகமெல்லாம் கறுப்பு. ஒரு நொடி சேலைத் தலைப்புப் பக்கம் கை போயிற்று. பிறகு என்ன நினைத்தாளோ, துடைக்காமலேயே நீட்டி, அழுத்தமாகக் குலுக்கினாள். அந்த வெள்ளைக் கையுறையில் அம்மாவின் விரல்கள் அப்படியே பதிந்தன. அவர் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார், அம்மாவும் சிரித்தாள். எந்த ஊர் சோப்புப் போட்டாலும் அது போயிருக்காது. கிரீஸ் கறை எனக்குத் தெரியும், போன வாரத்துக் கறை இன்னும் என் நகக்கண்ணில்தான் இருக்கிறது.